துருத்திக்கொண்டு நின்ற எழுத்து

ஆலயத்தின் புது முகப்பைத் திறந்துவைக்கப் பேராயர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மணியடிக்கிறவர் அண்ணாந்து ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். சிலுவைக்கு இந்தப் பக்கம் 'காண்பவை'. அந்தப் பக்கம் 'நித்தியம்'.

கமிட்டி மூன்று வாரம் தொண்டை கிழியப் பேசித் தேர்ந்தெடுத்த வாசகம் 'காண்பவை அநித்தியம்'. கண்ணில் படுவதெல்லாம் ஒருநாள் அழியும் என்பதை ஊருக்குச் சொல்ல, முழ உயரத்தில் பளபளக்கும் பித்தளை எழுத்துகள்.

"செயலாளர் ஐயா, 'அ'வைக் காணோமே."

செயலாளர் தன் புதுக் கோட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நான்தான் எடுக்கச் சொன்னேன். ஒரு எழுத்து துருத்திக்கிட்டு நின்னுச்சு. இப்பப் பாரும், சிலுவை கரெக்டா நடுவுல."

"அர்த்தம் தலைகீழாப் போச்சே ஐயா."

"அண்ணாந்து பார்க்கிறவன் அழகைப் பார்ப்பானா, இலக்கணம் பார்ப்பானா? உம்ம வேலை மணி."

ஒன்பது மாதமாக மணியடிக்கிறவர் கேட்டதெல்லாம் வாசல் ஓரம் ஒரு சிமெண்டுச் சரிவு. மனைவியின் சக்கர நாற்காலி ஏழு படி ஏறாது. ஆராதனை அவளுக்கு ஒலிபெருக்கியோடு சரி. ஒவ்வொரு முறையும் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்றார்கள்.

"இன்னைக்கு ஒருநாள் ஒரு பலகையாவது போட்டுக்கட்டுமா? அவளும் கிளம்பி உட்கார்ந்திருக்கா."

"போட்டோ எடுக்கிற நாளாப் பார்த்தா பலகை? அம்மா ஆத்துமாவுல நம்மோடதான் இருக்காங்க."

"ஆத்துமா படி ஏறிடும் ஐயா. நாற்காலிதான் ஏறாது."

வாசல் ஓரம் தொங்கிய மணிக்கயிற்றைச் செயலாளர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

மனைவி தலைவாரி, நல்ல உடை உடுத்தி, ஜன்னல் ஓரம் இருந்தாள். "என்ன, பாதியில வந்துட்டீங்க?"

"நீ வர முடியாத இடத்துல எனக்கென்ன வேலை?"

"எனக்காக வந்த மாதிரி பேசாதீங்க. அந்த ஆள் மேல கோபம், வந்துட்டீங்க. நாளைக்கு ஆறிடும். திரும்பப் போய் மணி அடிப்பீங்க. ஏழு படி ஏழாவே இருக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆலயத்திலிருந்து மணி கேட்கத் தொடங்கியது. தாளமும் இல்லை, நிதானமும் இல்லை. தண்டவாளத்தில் கல் எறிகிற மாதிரி.

"பைபிளை எடுங்க. நாம இங்க ஆராதிப்போம்."

எடுத்தார். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் செயலாளரின் கோட்டுதான் கண்ணில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சங்கீதத்தைத் தொடங்கினார்.

"சத்தமா," என்றாள் மனைவி. "அந்த மனுஷன் அடிக்கிற அடியில ஒண்ணும் காதுல விழல."