வினிபெக் வாசல், புடாபெஸ்ட் கூடம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு நிலைப்படியைத் தாண்ட ஏழு நாள் எடுத்துக்கொண்ட மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

வினிபெக்கில் ஓஸ்டாப் என்று ஒருவர். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் யாராவது வந்து படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் தேடினால் ஓஸ்டாப் முதல் ஆளாக நிற்பார். போன வருடம் பனியில் கிடக்கும் பிணமாக நடித்தார். காட்சி முடிந்ததும் பிணத்தை எழுப்ப மறந்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சொல்லாமல் எழுந்தால் தப்பாகிவிடுமோ என்று இவரும் கிடந்தார். அன்றைக்குத்தான் ஜனவரி ஆறு, பழைய நாள்காட்டிப்படி உக்ரேனியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பன்னிரண்டு பதார்த்தங்களோடு எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். செத்துப்போனவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாக இருக்கும். அந்த விருந்தை ஓஸ்டாப் தவறவிட்டார்.

அவர் மனைவி உல்யானா இந்த வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை மொத நட்சத்திரம் தெரியும்போது நீ மேஜையில இல்லேன்னா, செத்தவங்க தட்டுதான் உனக்கு. அப்புறம் நீ உயிரோட வந்து நின்னாலும் நான் நம்ப மாட்டேன்."

"சின்ன வேஷம்தான்டி. பக்கத்து வீட்டுக்காரன். பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டோட கதவைத் திறந்து உள்ள போகணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார் பாருங்கள்! அது மூன்று நாடுகள் கூட்டாக எடுத்த படம். ஆளுக்கொரு பங்கு வேண்டும் என்று ஒப்பந்தம். அதனால் கதையில் வரும் அந்த ஒரே வீட்டின் வாசல் வினிபெக்கில், கூடம் புடாபெஸ்டில், கொல்லைப்புறம் கேப் டவுனில். வாசலில் நுழைகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகு மட்டும்தான் தெரியும். உள்ளே போனதும் அதே மேல்கோட்டைப் போட்டு ஒரு ஹங்கேரிய நடிகர் நடந்து போவார் என்பது ஏற்பாடு.

டிசம்பர் இருபத்தெட்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. கதாநாயகன் வாசலில் நின்று அருமையாக அழுகிறான். ஓஸ்டாப் கதவைத் திறந்தார். அடுத்த வீட்டுக்குள் பூட்ஸோடு போனால் அவர் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அடிப்பாள். எனவே நிலைப்படியில் நின்று, தட்டைக் கைமாற்றி, குனிந்து, கேமராவுக்கு முழு முகத்தையும் காட்டியபடி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். காலில் உல்யானா மிச்ச நூலில் பின்னிய காலுறைகள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

மறுபடி எடுக்கலாமென்றால் கதாநாயகன் விமானம் ஏறிவிட்டான். அந்த அழுகை இனி வராதாம்.

"ஐயா, உங்க மூஞ்சி தெரிஞ்சிடுச்சு. காலுறையும் தெரிஞ்சிடுச்சு," என்றாள் படக்குழுவின் ட்ரிஷ். "இன்னொரு காலை வைக்க நீங்களே புடாபெஸ்ட் வரணும்."

"யம்மா, எங்க ஊர் பழக்கம் உனக்குத் தெரியாதா? நீயும் இந்த ஊர்க்காரிதானே?"

"தெரியும். அதான் நிறுத்தத் தோணலை. பாக்க சாதாரணமா இருந்துச்சு."

ஜனவரி நான்காம் தேதி ஓஸ்டாப்பின் அடுத்த கால் புடாபெஸ்டில் விழுந்தது. இயக்குநர் எமெஷே, கெடுபிடியான பெண்மணி, காலுறைகளைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். ஓஸ்டாப் உட்கார்ந்தார், பெரோகி தின்றார். எல்லாம் சுபம். பிறகு எமெஷே சொன்னாள்: "இப்போ எழுந்து பின்கதவு வழியா வெளிய போங்க. கேப் டவுனுக்கு நாளைக்கு டிக்கெட்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா. திரும்பி வர எட்டாம் தேதி ஆகும். உல்யானாவின் மேஜையில் பிணத்தின் தட்டு.

கேமரா ஓடியது. அவர் இரண்டு தொடையிலும் தட்டி, "சரி, அப்ப நான் கிளம்பறேன்," என்று எழுந்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். எங்கள் ஊர்க்காரர் கதவுப் பிடியில் கை வைத்தார் என்றால் பேச்சு இனிமேல்தான் ஆரம்பம் என்று பொருள். ஆற்றில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்றார். தெற்குச் சாலையில் பள்ளம் என்றார். அத்தை மகனுக்கு மூட்டு மாற்றிய கதையைச் சொன்னார். இன்னொரு மூட்டுக்கும் வந்தார். எதிரே இருந்த நடிகர் மரியாதைக்கு "அப்படியா, அப்படியா" என்றார். நாற்பத்தேழு நிமிடம்.

"ஐயா, அந்தக் கதவைத் திறங்களேன்!" என்று எமெஷே கத்தினாள்.

"திறந்தா நான் செத்தேம்மா," என்றார் ஓஸ்டாப். நட்சத்திரம், தட்டு, போன வருடத்துப் பிணம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"ரெண்டு வருஷம் தொடர்ந்தாப்ல சாகறது கொஞ்சம் அதிகம்தான்," என்றாள் எமெஷே. உதவியாளரிடம் திரும்பி, "எழுதிக்கோ. பக்கத்து வீட்டுக்காரர் போகவே இல்லை."

இன்றைக்கும் அந்தப் படத்தில் அவர் போகவில்லை. முடிவில் கேப் டவுனில் வீடு பற்றி எரிகிறது. உள்ளே இருக்கும் ஓஸ்டாப் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆறாம் தேதி நாலரைக்கு வரவேண்டிய விமானம் ஆறே முக்காலுக்கு வந்தது. டாக்சி கண்ணாடி வழியே பார்த்தார். மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. அரிசியை வாரி இறைத்தாற்போல வானம் முழுக்க நட்சத்திரம். முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்தது மைத்துனர் போஹ்தான். "வாய்யா மச்சான்! ரெண்டு மணி நேரமா பட்டினி. உன் பொண்டாட்டி கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்."

உல்யானா கோட்டைப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உல்யானா, இன்னும் உக்காரலியா?"

"எப்படி உக்கார்றது? நட்சத்திரம் வரலியே."

"அப்ப அதெல்லாம் என்ன?"

"பிளேன்," என்றாள் அவள், திரும்பாமலே. "ஒவ்வொண்ணா பாத்துட்டே இருந்தேன், எதுல வர்றேன்னு." அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. கையை எங்கேயோ ஒரு மூலைக்கு நீட்டினாள். "தோ, அங்க பாரு. மொத நட்சத்திரம். வா, எல்லாரும் பசியில இருக்காங்க."

கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து தூரம் போனவர்களெல்லாம் சோறு ஆறுவதற்குள் திரும்பி வரட்டும். வழியில் தாமதமானால், அவர்களுக்காகப் பொய் சொல்ல ஒரு ஜீவன் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பானை நிறையட்டும், படுக்கை கதகதப்பாக இருக்கட்டும், எல்லோரும் நன்றாக இருங்கள்.