பிராசஸருக்கு வைத்த பொட்டு

எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் கோவிந்தராஜன் புது பிராசஸரை ஹெலன் கையில் கொடுக்கும்போது ஒன்றையேதான் படித்துப் படித்துச் சொன்னார். "இது மேல ஃபேன் வெக்கறதுக்கு முன்னாடி இந்த வெள்ளைப் பேஸ்ட்டத் தடவணும்மா. நடுவுல வேற எதுவும் இருக்கக் கூடாது, தூசிகூட. இருந்துச்சுன்னா சூடு ஏறிக் கருகிடும்."

ஹெலன் தலையாட்டினாள். ஜீவனஹள்ளி வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பழைய கம்ப்யூட்டரை நம்பித்தான். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவது அவள் வேலை. கம்பெனி புது சாஃப்ட்வேர் கொடுத்துவிட்டது, பழைய மெஷின் அதை இழுக்க முடியாமல் நொண்டியது. திங்கட்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் ரமா முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஹெலனின் கணவன் குணசேகருக்கு நிலையான வேலை இல்லை. மாமனார் ஜெயராமனுக்கு வேலை இருந்தாலும் செய்ய நுரையீரல் இல்லை. சுரங்கத் தூசி அதைத் தின்றுவிட்டிருந்தது.

வியாழக்கிழமை ஆயுத பூஜை வந்தது. சுரங்கம் மூடிய பிறகு ஜெயராமன் அந்த நாளில் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். "ஆயுதமே இல்லாதவனுக்கு இன்னாடா பூஜை?" என்பார். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, எழுந்து குளித்துச் சந்தனம் குழைத்தார். மிக்சி, மானிட்டர், கீபோர்டு, ஒன்றையும் விடவில்லை. ஆளை இறக்கும் கூண்டுக்குப் பொட்டு வைக்காமல் சுரங்கத்துக்குள் இறங்காத மனிதர் அவர். கடைசியில் புது பிராசஸர் வந்த டப்பாவைத் திறந்து, பிராசஸரின் நடுவில் பளபளவென்று துருத்திக்கொண்டிருந்த சில்லின் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார்.

"இதானம்மா மெஷினுக்கு மூளை? இத வுட்டுட்டு மத்ததுக்கு வெச்சி இன்னா பிரயோஜனம்?" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தார். இருமல் வராமல் அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஹெலனுக்குக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் வரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தையல் மெஷினில் இருந்த பூஜைப் பொட்டை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் வந்ததும் வராததுமாகச் சாமி பொட்டை அழித்துவிட்டாள் என்று உறவெல்லாம் வாயில் போட்டு மென்றது. அன்றைக்கு அவள் பக்கம் நின்ற ஒரே ஆள் இந்த மாமனார்தான். "தெரியாம தொடச்சது, வுடுங்கப்பா" என்று எல்லார் வாயையும் அடைத்தார். அவர் கையால் வைத்த பொட்டை எந்த முகத்தோடு துடைக்கச் சொல்வாள்?

குணசேகர் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏன் ஹெலன், இது இருந்தா பரவால்லியா? கடைக்காரர் எதுனா சொன்னாரா?"

ஜெயராமன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஒண்ணும் சொல்லல. மாட்டுங்க," என்றாள் ஹெலன்.

காய்ந்து இறுகிய சந்தனத்தைச் சுற்றி வெள்ளைப் பேஸ்ட்டைத் தடவி, ஃபேனை அழுத்திப் பூட்டினான். மெஷின் உயிர் வந்து, திரையில் எழுத்துகள் ஓடின. ஜெயராமன் கைதட்டினார். பிறகு திரை இருண்டது, தீய்ந்த வாடை வந்தது. பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டிப் பார்த்தார்கள். மெஷின் எழவில்லை; அதைத் தாங்கும் மதர்போர்டும் சேர்ந்து போயிருந்தது.

"கடைக்காரன் டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டான் பாரு," என்றான் குணசேகர். ஹெலன் கருகிய பிராசஸரை டப்பாவில் போட்டு மூடினாள்.

பூஜைக்கு மூடியிருந்த கடை சனிக்கிழமை திறந்ததும் ஜெயராமன் கிளம்பிவிட்டார். "பொம்பளப் புள்ள தனியா வந்தான்னுதான ஏமாத்தியிருக்கான்? நான் கேக்கறேன்." வேண்டாம் மாமா என்று அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ஸ்டாப்பில் சொல்லிவிடலாம், அடுத்த ஸ்டாப்பில் சொல்லிவிடலாம் என்றே கடைக்கு இறங்க வேண்டிய சிட்டி மார்க்கெட் வரை வந்து சேர்ந்தாள். பாவி, அங்கேயாவது சொல்லியிருக்கலாம்.

கடையில் அவர் கவுன்டரைத் தட்டினார். "எம் மருமவ வயித்துல அடிச்சிட்டியேய்யா! நீயெல்லாம் நல்லா இருப்பியா?" ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

கோவிந்தராஜன் பிராசஸரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் கருகியிருந்ததை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"பெரியவரே, இது சந்தனம். தூசிகூட இருக்கக் கூடாதுன்னு இவங்ககிட்ட அத்தன வாட்டி சொன்னேனே."

ஜெயராமனின் கை கவுன்டரிலிருந்து இறங்கியது. மெதுவாகத் திரும்பினார்.

"சொன்னாராம்மா?"

"சொன்னார் மாமா."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். கடைக்காரர் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, இருமி முடித்து, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தொடச்சிருக்கலாமேம்மா," என்றார். "அன்னிக்கித் தொடச்சப்ப நான் எதுனா சொன்னேனா?"