தேனீக்களுக்கு யார் சொன்னது

கறுப்புத் துணிப் பட்டைகளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போன கத்தெல், தேனீக் கூடைகளின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நான்கு கூடைகளில் மூன்றில் ஏற்கெனவே கறுப்புத் துணி கட்டியிருந்தது.

வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டும். கூடையைத் தட்டிச் செய்தியைச் சொல்லி, துக்கத்துணி கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொண்டு பறந்துவிடும் என்பார்கள். அப்பா மாத்யூரன் இந்த வழக்கத்தை இரண்டு நாவல்களில் கிண்டல் செய்திருக்கிறார். கிண்டல் செய்தவருக்காகவே இப்போது செய்ய வேண்டியிருக்கிறது.

யாரோ முந்திக்கொண்டார்கள், அதனாலென்ன என்று திரும்பப் போனவள் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தாள். கடையில் விற்கும் துக்கத்துணி இப்படி வழவழவென்று இருக்காது. முடிச்சு கோணலாக இருந்தது. ஒரு முனை நாய் கடித்ததுபோல் நசுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் எட்டாத அந்த மூலையில் துணி தொப்பலாக நனைந்திருந்தது. மழை விடிவதற்கு முன்பே நின்றுவிட்டது. அடுத்த வீட்டுக்காரி காலையில் வெயிலில் உலர்த்திய போர்வைகளே காய்ந்துவிட்டன. அப்பா உயிர் விட்டதோ, காலைக் காப்பி குடித்த பிறகு.

மீன் கரைக்கு வருமுன்னே விலை பேசி முடித்ததுபோல், சாவுக்கு முன்பே துணி கட்டியது யார்?

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கழுத்துவரை பட்டன். தலைமாட்டில் ஒரு தட்டில் தண்ணீர், அதில் பச்சைச் செடிக்கொத்து. மத்தி மீனைப் பொரித்து டப்பாவில் அடைக்கும் ஆலைப் பெண்கள் வெள்ளைக் குல்லாயோடு வரிசையாக வந்து, கொத்தை நனைத்து அவர்மேல் தெளித்துவிட்டு நகர்ந்தார்கள். அறை முழுக்கப் பொரித்த எண்ணெய் வாடை. வாழ்நாளெல்லாம் அந்த வாடையைத்தான் அவர் எழுதினார்.

சித்தப்பா துதுவால் கொத்தை வேகமாக உதறியதில் ஒரு துளி அவர் மீசையிலேயே விழுந்தது. நக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, தீர்த்தம் உப்புக் கரிக்குது?"

"கடல் தண்ணி," என்றாள் அம்மா லெனா. "பாதிரியார் மந்திரிச்ச தண்ணி ஒரு சொட்டு தன்மேல படக்கூடாதுன்னு உங்க அண்ணன் சொல்லிட்டார். தெளிக்காம போனா உங்களுக்கெல்லாம் மனசு ஆறாதே."

"நல்லதாப் போச்சு," என்றாள் ஆலைக்காரி ஷான். "மத்திக்கு உப்புத் தண்ணி ஊத்துற மாதிரிதான். எங்க எழுத்துக்காரர் கெட்டுப்போக மாட்டார்."

குல்லாய்கள் குலுங்கின. கத்தெல் மட்டும் சிரிக்கவில்லை.

வாசலில் ஒரு பெரிய மலர்வளையம் சாய்ந்திருந்தது. ஆலை முதலாளி பெலான் அனுப்பியது. சவப்பெட்டிகூட இன்னும் வரவில்லை, அவருடைய பூ வந்துவிட்டது. தன் ஆலையில் பாய்லர் வெடித்துப் பெண்கள் செத்ததை அப்பா எழுதுகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவில் முகம் கொடுக்காத மனுஷன். அவருக்கு மீன் ஏலம் எடுத்துக் கொடுக்கும் தரகர்தான் சித்தப்பா.

"கத்தெல் கண்ணு," சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "அண்ணன் கடைசியா எழுதினாரே, அந்தக் காகிதக் கட்டு எங்கம்மா? ஆள் போக்குவரத்து இருக்கிற வீடு. நான் கொண்டு போய்ப் பத்திரமா வெக்கிறேன்."

"தேடித் தர்றேன் சித்தப்பா."

கட்டு கெம்பேர் நகரத்தில் இருந்தது. நேற்றுக் காலையில் அப்பாதான் அவளை அனுப்பினார். தபாலை நம்பாதே, அச்சகத்தில் கையில் கொடு, ராத்திரி தங்கி எழுத்துக் கோர்ப்பதைப் பார்த்துவிட்டு வா என்றார். வயதானவரின் நச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். திரும்பி வந்தபோது, சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

அடுக்களையில் அம்மாவை மடக்கினாள்.

"கடல் தண்ணி எப்பம்மா மொண்டுட்டு வந்த?"

அம்மா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலம்."

"நேத்து அவர் உயிரோட இருந்தார்."

"இருந்தார்."

"தோட்டத்துல துணி ராத்திரி மழையில நனைஞ்சிருக்கு. நான் ஊர்ல இல்ல. காலையில அவர் போய்ட்டார். எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சீங்களா எல்லாரும்? பெட்டியை மூட விடமாட்டேன். போலீஸைக் கூட்டிட்டு வரப்போறேன்."

அம்மா அடுத்த கோப்பையை எடுத்தாள்.

"கூட்டிட்டு வா. போறதுக்கு முன்னாடி அவர் கோட்டுப் பட்டனைக் கழட்டிப் பாரு."

ஆலைப் பெண்கள் ஆப்பிள் மது குடிக்க முற்றத்துக்குப் போயிருந்தார்கள். கத்தெல் குனிந்து முதல் பட்டனைக் கழற்றினாள். அடுத்ததையும். கோட்டின் உள்ளே துணி இல்லை. வழவழப்பான கறுப்பு உள்துணி தையலோடு கிழித்தெடுக்கப்பட்டிருந்தது; நூல்கள் தொங்கின.

பின்னால் அம்மா வந்து நின்றாள்.

"மழையில எழுந்து போனார். நான் சொன்னா கேக்கிற ஆளா? திரும்பி வந்து, மூணுக்குத்தான் துணி பத்துச்சுன்னார். தண்ணி கொண்டு வரச் சொன்னதும் அவர்தான்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"இடது கை நேத்துக் காலையிலேயே வாதத்துல விழுந்துடுச்சு. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

கத்தெல் யோசித்தாள். வாசலில் நின்று கட்டை நீட்டினார். வலது கையால்தான். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. என்ன அலட்சியம் என்று நினைத்திருந்தாள்.

"ஏம்மா என்னை அனுப்பணும்?"

அம்மா பக்கத்து அறையைப் பார்த்தாள். அங்கே சித்தப்பா, அண்ணனுடைய எழுதுமேசையின் இழுப்பறையை வயிற்றால் மறைத்தபடி, சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தார்.

கத்தெல் பட்டன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். கழுத்துவரை. பிறகு அந்த அறைக்குப் போனாள்.

"தேட வேண்டாம் சித்தப்பா. நேத்தே அச்சுல ஏறிடுச்சு. முதலாளிக்கு முதல் பிரதியை நானே கொண்டு போய்க் குடுக்கிறேன், மலர்வளையம் அனுப்பினதுக்கு."

சித்தப்பா இழுப்பறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மீசையில் இன்னும் உப்பு வெளுத்திருந்தது.

தோட்டத்து மூலைக்கும் வெயில் வந்திருந்தது. ஈரத்துணிகள் காய்ந்து, காற்றில் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. கத்தெல் நான்காவது கூடையின் முன்னால் மண்டியிட்டு, விரல் முட்டியால் தட்டினாள். செய்தியைச் சொல்ல வாய் திறந்தாள். மறுபடி தட்டினாள்.

உள்ளே ரீங்காரம் எழுந்து அடங்கியது.

அவள் இடது கையைப் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வலது கையால் துணியைக் கூடையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு கோணலாகத்தான் விழுந்தது.