கொண்டை ஊசி

மேலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் ஜன்னலோரம், மடியில் அட்டையோடு. நெட்வொர்க் பார்க்கும் கண்ணாடிக்காரன் கதவை ஒட்டிய நாற்காலியில், எழுந்து ஓட வசதியாக. துப்புரவு பார்க்கும் அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. அலமாரியில் சாய்ந்தும் சாயாமலும் நின்றாள்.

"நேத்து சாயங்காலம் நெட்வொர்க் சுவிட்ச் பிளக்கைப் புடுங்கினது யாரு?"

"நான்தாங்க சார். தூசி உறிஞ்சுற மிஷினுக்கு வேற எடமில்ல. அஞ்சே நிமிஷம், திரும்பச் சொருகிட்டேன்."

"பெருக்கினதுல நெட்டும் சேர்ந்து குப்பைக்குப் போயிடுச்சு" என்றார் எழுத்தர். யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்று மாடியிலும் ஒரு கணினியும் வேலை செய்யவில்லை.

அவளை வேலையை விட்டு நிறுத்தும்படி எழுதிய அறிக்கை பன்னிரண்டு மணித் தபால் பையில் தலைமை அலுவலகம் போகும் என்றார் மேலாளர். "நீ என்னப்பா சொல்ற?"

கண்ணாடிக்காரன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன்போல் தலையை ஆட்டி வைத்தான்.

மாடிக் கணினிகளையெல்லாம் இணைக்கும் அந்தச் சுவிட்ச் பெட்டி இருந்த அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தான். எந்த மாடி யாரோடு பேசலாம் என்பதைப் போன வாரம் அந்தப் பெட்டிக்குள் மாற்றி எழுதியவன் அவன்தான். கடவுச்சொல்லையும் மாற்றினான். எழுதியது உடனே நடப்புக்கு வரும்; ஆனால் 'சேமி' என்று கட்டளை கொடுக்காவிட்டால், மின்சாரம் போனதும் பெட்டி பழைய புத்திக்குத் திரும்பிவிடும். இப்போது அது புதிய கடவுச்சொல்லை ஏற்கவில்லை; பழையதைத்தான் கேட்டது. அன்று சாப்பாட்டு அவசரத்தில் எழுந்து போனவன் சேமிக்கவே இல்லை. பழைய சொல் இருந்த சீட்டையும் கிழித்துப் போட்டிருந்தான்.

இனி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. அதற்கான பொத்தான் ஊசிமுனைத் துளைக்குள் இருந்தது. சட்டைப் பையைத் துழாவினான்.

"என்ன தம்பி தேடுறீங்க?" வாசலில் துடைப்பத்தோடு அக்கா.

"ஊசி மாதிரி ஏதாவது..."

கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். "இந்தாங்க. வேலையே போகப்போகுது, கொண்டை என்ன பெரிசு?" சிரித்துக்கொண்டே நகர்ந்தாள்.

பத்து விநாடி அழுத்தினான். பெட்டியின் விளக்குகள் ஒருசேர அணைந்து மின்னின. மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, பெட்டிக்கு முகவரி, பெயர், கடவுச்சொல், மாடிவாரியாகக் கேபிள் செருகும் துளைகள் என்று வரிசையாக எழுதினான். சேமித்தான். பிறகு தானே பிளக்கைப் பிடுங்கினான். அக்கா சொன்ன அதே ஐந்து நிமிடம் கழித்துச் சொருகினான். மூன்றே நிமிடத்தில் அத்தனையும் அப்படியே திரும்பி வந்தது. மூன்று மாடியிலும் வேலை தொடங்கிற்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மணி பதினொன்று நாற்பது. தாளை எடுத்தான். 'ஒன்று: போன வாரம் அமைப்பை மாற்றியவன் நான். இரண்டு: சேமிக்காமல் போனவனும் நான். மூன்று: சேமித்திருந்தால் பிளக்கை எத்தனை முறை பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது; இன்று செய்து பார்த்தேன். நான்கு: விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை. அந்த அம்மா உண்மையைச் சொன்னார்.' கையெழுத்திட்டான்.

கூடத்தில் அக்காவிடம் ஊசியைக் கொடுத்தபோது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தபால் மேசையில் எழுத்தர் பையைக் கட்டப் போனார். "என்னய்யா, லீவு லெட்டரா?"

"இல்லண்ணே. மேலாளர் கவர் போற எடத்துக்கேதான்."

"அது உள்ள போயாச்சே."

"அதோட சேர்த்து வைங்க. ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சுப் படிக்கணும்."

எழுத்தர் அவனை ஒருமுறை பார்த்தார், கேலி வரவில்லை. கண்ணாடிக்காரன் தாளை ஓர் உறைக்குள் இட்டு, விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இருமுறை அழுத்தி ஒட்டினான். முத்திரை விழுந்தது. பையின் வாய் இறுகியது. வண்டிக்காரர் தோளில் ஏறிப் படியிறங்கிப் போனது.