ஏழு பாட்டில்

செல்லியம்மாள் மகளின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிறகு மனமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

"காலங்காத்தால உனுக்கு இதே வேலையா பூட்ச்சிம்மா," என்று ரத்னா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சிக்கு கால் வீங்காம பின்ன கொம்பா மொளைக்கும்?"

எட்டாம் மாதம், தலைச்சன். வளைகாப்பு முடிந்து ஆர்.கே.பேட்டையிலிருந்து அழைத்து வந்த நாளிலிருந்து தெருவே அதைத்தான் சொன்னது. பிள்ளைத்தாச்சி கால் வீங்கும், பெற்றதும் வடிந்துவிடும். ஆனால் இதே தெரு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்னாவின் அப்பன் தேசப்பனின் காலைப் பார்த்தும் ஏதோ சொல்லத்தான் செய்தது. செங்கல் சூளையடியில் நின்று நின்று ஏறின சூடு என்றது. பிறகு காமாலை என்றது, அதற்கும் பிறகு யாரோ வைத்த செய்வினை என்றது. எளாவூர் வைத்தியர் கொடுத்த பொடிக்கு உப்பில்லாமல் பத்தியம் இருந்தான், அவர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினான். முகம் பூசணிக்காயாக ஊதி, மூத்திரம் கட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கியபோதுதான் லாரி பிடித்து மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். "கிட்னி ரெண்டும் போயிடுச்சு, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அங்கே கேட்டார்கள். செங்கல் அறுத்துக்கொண்டிருந்தோம் என்று செல்லியம்மாள் சொல்லவில்லை. புருஷனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு முன்னாலும் அந்தத் தெருவில் வீங்கிச் செத்தவர்கள் உண்டு. நீர் கோத்துக்கொண்டு செத்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

அதனால்தான் அவளுக்கு மகளின் காலைப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

அன்றைக்குக் காலையில்தான் பள்ளிக்கூடத்து வாசலில் வேன் வந்து நின்றது. அந்த வருஷம் வேன் என்றாலே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கேம்ப்தான். சத்தம் கேட்ட மாத்திரத்தில் ஆண்கள் அத்தனை பேரும் சவுக்குத் தோப்புக்குள் மாயமானார்கள். கல்யாணமாகாத பையன்கள்கூட ஓடினதுதான் வேடிக்கை. கிணற்றடியில் மிஞ்சியவர்கள் ஏழு பெண்கள். நர்சம்மா ஆரோக்கியமேரி ஆளுக்கொரு சின்னப் பாட்டிலைக் கையில் திணித்தாள். பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அவரவர் பேரை எழுதியிருந்தாள்.

"கேம்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மெட்ராஸ் டாக்டரு வந்துகீறாரு. சிறுநீரகம் கெட்டுப் போவுதே, அது எத்தினி பேருக்கு கீதுன்னு ஊர் ஊரா பாக்கறாரு. இதுல கொஞ்சம் மூத்திரம் புடிச்சிகினு வாங்க. வெயில் ஏறக்குள்ள வரணும்."

அவள் தலை மறைந்ததும் கிணற்றடி கொதித்தது. நாலு பெற்ற கங்கம்மாவுக்குத்தான் உதறல் அதிகம். "எல்லாம் டூப்பு. மூத்திரத்த வெச்சே எவ முழுகாம கீறா, எவ இன்னும் பெத்துக்குவான்னு கண்டுபுடிச்சிடுவானுங்களாம். அப்பால பேரு பாத்து இஸ்துகினு போவானுங்க."

பயத்தை விடுங்கள், பட்டப்பகலில் எங்கே போவது? விடிவதற்கு முன் ஒரு தரம், இருட்டின பிறகு ஒரு தரம் என்று உடம்பைப் பழக்கி வைத்திருந்த பெண்கள் அவர்கள். சூளையில் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. ஆகவே உச்சி வெயிலில் கல் சுமந்தாலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. செல்லியம்மாள் ஒருத்திதான் கொஞ்ச காலமாக விதிவிலக்கு. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், தாழம்புதருக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். ராத்திரியிலும் எழுந்து போனாள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். ஏரி மடையைத் திறந்து விட்டாச்சு என்று கங்கம்மா கிண்டல் செய்வாள், இவளும் சேர்ந்து சிரிப்பாள். இரண்டு ஆள் கல்லை ஒரு ஆளாகச் சுமக்கிறவளுக்குச் சிரிப்பதற்கென்ன?

அவள் மகளின் பாட்டிலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போனாள். தன்னுடையது இரும்பு உடம்பு, அதில் கொஞ்சம் மகள் பேரில் போனால் என்ன? பாலைக் கொடுத்தவள் இதைக் கொடுக்கக் கூடாதா? பாட்டிலில் நல்லபடியாக வந்துவிட்டால் மகளுக்கும் நல்லபடியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சுத்தப் பைத்தியக்காரத்தனம்தான். பயந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

திரும்பி வந்தவளைக் கங்கம்மா வழி மறித்தாள். "யக்கா, உனுக்குதான் எல்லாம் நின்னுபூட்ச்சே, உன்ன எவன் புடிக்கப் போறான்? எனுக்கும் கொஞ்சம் ஊத்து."

"அடி போடி. டாக்டரு கேட்டா?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அதான் படிச்சவங்களும் பண்றாங்க. தெருவுக்கு நீ ஒருத்தி போதும் போ."

எல்லோரும் சிரித்தார்கள், செல்லியம்மாளும் சிரித்தாள். மேலும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பொறுத்திருந்து பொறுத்திருந்து, ஏழு பாட்டிலையும் நிரப்பினாள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் டாக்டர் மேஜை போட்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றியிருந்தார். சுப்பராயன் என்று பேர், சின்ன வயசு, சட்டை முதுகு முழுக்க வியர்வை. வேலை செய்துகொண்டே பெண்களோடு பேசினார். "எங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் கடைசியிலதான் வர்றாங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷினு நாட்டுலயே எங்கேயோ ஒண்ணு ரெண்டுதான். வராம வீட்டோட செத்தவங்க எத்தனை பேர்னு யாருக்குமே தெரியாது. அதான் நாங்களே வந்துட்டோம். மூத்திரத்தைக் காய்ச்சினா தெளிவா இருக்கணும், வெளுத்தா கிட்னியில கோளாறு."

முதல் பாட்டிலை எடுத்துப் பேரைப் படித்தார். "ரத்னா." கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சாய்த்துப் பிடித்து, மேல் பாதியைத் தீயில் காட்டினார். குமிழ் வந்தது. குமிழோடு ஒரு கலங்கல் வந்தது. புளித்த நெடியடித்த ஏதோ மருந்தில் இரண்டு சொட்டு விட்டார். கலங்கல் போகவில்லை, முட்டை வெள்ளை வெந்தாற்போல் கட்டியாக நின்றது. டாக்டர் ரத்னாவின் வயிற்றையும் காலையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

பயத்தில் ரத்னாவுக்கு அது தன்னுடையது இல்லை என்பதே மறந்துபோயிற்று. "எம்மா, நைனாவுக்கு வந்ததா?"

இல்லடி, அது உன்னுது இல்ல என்று செல்லியம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அடி வயிற்றில் ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகளுடையது இல்லையே. அப்படியானால் யாருடையது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கங்கம்மாவின் பாட்டில், வெள்ளை. அடுத்தது, வெள்ளை. அதற்கடுத்ததும். டாக்டரின் கை பரபரத்தது. "சிஸ்டர், ஒரே தெரு, எல்லாருக்கும்! இது சாதாரணமில்லை." பெண்கள் யாரும் குழாயைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் செல்லியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசிக் குழாயும் வெளுத்தபோது டாக்டர் எழுந்தேவிட்டார்.

"எல்லாரும் எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

ஆரோக்கியமேரி கிணற்றைக் காட்டினாள். சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. அலையாய் அலைந்து, காலில் விழுந்து, சண்டை பிடித்து அந்தத் தெரு வாங்கின ஒரே நல்ல தண்ணீர் அது.

"இனிமே அதைத் தொடாதீங்க. இன்னிக்கே சொல்லி மூட வைக்கிறேன்."

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குட்டு உடையும். அது மட்டுமல்ல, அக்காவைப் பார்த்து உனக்குத்தான் என்று எவள் சொல்வாள்? செல்லியம்மாளுக்குத் தேசப்பன் ஒதுங்கின மண்ணில் நுரை நின்றது ஞாபகம் வந்தது. தனக்கும் கொஞ்ச நாளாக அப்படி நின்றதை உப்பு மண்ணின் குணம் என்று நினைத்துக் கடந்ததும் ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம். கிணறு போகும். மகளுக்கு என்னவென்று தெரியாமலே போகும்.

"கெணத்த மூடாத சார்," என்றாள். "கெணத்துல ஒண்ணுமில்ல. ஏழும் என்னுதுதான்."

டாக்டருக்குப் புரியவில்லை. ஆரோக்கியமேரிக்குப் புரிந்துவிட்டது, தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவிங்களா!"

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் செல்லியம்மாளைப் பெஞ்சியில் உட்காரச் சொல்லி, கீழே குந்தி, அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது. தினமும் விடிந்ததும் மகள் காலைத் தேடிய விரல் தன் காலை ஒரு நாளும் தொட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மருந்து கீதா சார்?"

"உப்பைக் குறைக்கணும். வேலையைக் குறைக்கணும். மெட்ராசுக்கு வாங்க, பாப்போம்."

அந்தப் பாப்போம் அவளுக்குப் பழக்கமானது. தேசப்பனுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

"என்னுத அப்பால பாரு சார். மொதல்ல அவளுத பாரு."

ஆரோக்கியமேரி ஒரு பாட்டிலைக் கழுவி ரத்னாவின் கையில் கொடுத்தாள். கங்கம்மா யாரும் சொல்லாமலே எழுந்து போய், பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் பழைய புடவை ஒன்றை விரித்துப் பிடித்தாள். செல்லியம்மாளை விட்டால், பட்டப்பகலில் அந்தத் தெருப் பெண் ஒருத்தி ஒதுங்கினது அதுதான் முதல் தடவை. நேரமானது. ரத்னா திரும்பி வந்தபோது பாட்டிலில் அடி மறைகிற அளவுதான் இருந்தது.

"இது போதும்," என்றார் டாக்டர்.

குழாயில் ஊற்றித் தீயில் காட்டினார். ரத்னா தரையில் உட்கார்ந்து அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். செல்லியம்மாள் மேஜைக்கு எதிரே நின்றாள். குழாய்க்கு அந்தப் பக்கம் கிணற்றடி தெரிந்தது. ராட்டினமும் கயிறும் வளைந்து, சின்னதாக, ஆனால் தெளிவாகவே தெரிந்தன. யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அடியிலிருந்து முதல் குமிழ் கிளம்பியது. அவள் கண்ணைக் கொட்டாமல், குழாய் வழியாகக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.