கடைசி யாரு?

1

இந்தக் கதை ஒரு சாவியில் தொடங்கியது என்று எழுதத்தான் ஆசை. அழகாக இருந்திருக்கும். உண்மையில் ஒரு வசவில் தொடங்கியது.

வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்டிக்கொள்ளத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். கடை என்று பேர்தான். சாவிக்காரர் உட்கார்ந்துவிட்டால் மீதி இடத்தில் அவருடைய முழங்கால்கள் இருக்கும். சுவர் முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள். என் சாவியை மெஷினில் மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"இந்த வெளிமாநிலத்துக்காரங்க வந்ததுக்கு அப்புறம் இந்த ஊர்ல குழந்தை பெத்துக்கணும்னாகூட இடம் பிடிக்க வேண்டியிருக்கு சார்."

நான் தலையை ஆட்டினேன். அவர் திட்டும்போது தலையாட்டுவது என் பழக்கம். சாவி சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அன்று மெஷின் நின்ற பிறகும் சாவியைக் கொடுக்கவில்லை. அரத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆனா ஒண்ணு சார்," என்றார்.

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததுதான் இந்தக் கதை. (பாதி அவர் சொன்னது, பாதி நான் சேர்த்தது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். குழம்பில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. கிரேன்கள் வானத்தை—"

வானத்தை என்ன செய்தன? கிழித்தனவா, துழாவினவா? யோசித்து யோசித்துக் காபி ஆறியதுதான் மிச்சம். கிரேன்கள் வானத்தை ஒன்றும் செய்யவில்லை. கம்பியும் கலவையும் தூக்கின. அந்த வாக்கியத்தை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "சாவிக்காரருக்கு வெளிமாநிலத்துக்காரர்களைக் கண்டாலே ஆகாது."

இது தேவலை. ஆனால் முழு உண்மையில்லை. ஆகாதவர்களால்தான் அவர் அடுப்பு எரிகிறது. புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு நாலைந்து பேர் சேர்ந்து தங்குகிறார்கள். ஆளுக்கொரு சாவி வேண்டும். அவர் திட்டிக்கொண்டே வெட்டுவார். திட்டுக்குத் தனிக் கூலி கிடையாது. வாடகை ஏறியது அவர்களால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லாதது அவர்களால், குழாயில் தண்ணீர் சன்னமாக வருவதும் அவர்களால். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று தேடினார். அப்போதும் அவர் பார்வை ஒரு கணம் எதிர்த்த அடுக்குமாடிப் பக்கம் போய்விட்டு வந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

மூன்றாவது தொடக்கம்: "சாவிக்காரரின் அப்பாவும் ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி வெளியிலிருந்து இந்த ஊருக்கு—"

இதையும் நிறுத்திவிட்டேன். இப்படி எழுதினால் அவர் மனம் இளகத் தயாராக ஒரு காரணம் கிடைத்துவிடும், கதை எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அவர் தாத்தா காலத்திலிருந்தே இதே ஊர், இதே தெரு. ஏன், பரம்பரை உள்ளூர்க்காரருக்கு மனசாட்சி இருக்கக்கூடாதா?

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். ஒருமுறை அவரிடமே சொன்னேன். "நீங்க வேற சார். நீங்க பழசாயிட்டீங்க," என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

3

இந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே நகர முடியாது.

இங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை. பல் மருத்துவரோ, முடிவெட்டும் கடையோ, எங்கே போனாலும் நுழைந்ததும் ஒரு கேள்வி: "கடைசி யாரு?" உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் "நான்தான்" என்று கையைத் தூக்குவார். அவர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டும் வரலாம். அடுத்து ஒருவர் வந்து கேட்கும்போது நீங்கள் கையைத் தூக்கவேண்டும். அவ்வளவுதான். டோக்கன் கிடையாது, எழுதிவைத்த பலகை கிடையாது. உங்களுக்கு முன்னால் இருப்பவர்தான் உங்களுக்குச் சாட்சி.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் தலைகொள்ளாத பெருமை. வெளியிலிருந்து வருகிறவர்களோ நேராகக் கதவருகே போய்க் கால் கடுக்க நிற்பார்கள். தங்களுக்குப் பின்னால் ஏன் யாரும் வந்து நிற்கவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து உள்ளே போவார். பிறகு இன்னொருவர். "பாரு, எப்படி முண்டியடிச்சுக்கிட்டு முன்னாடி போய் நிக்கிறாங்க" என்று உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நிற்பவர்களும் தங்கள் மொழியில் கிட்டத்தட்ட அதையேதான் முணுமுணுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

4

இடம், குழந்தைகள் காப்பகத்தின் முன்னறை. சேர்க்கை நாள்.

சாவிக்காரர் மகளுக்காக வந்திருந்தார். பிரசவ விடுப்பு முடிந்து மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பேத்திக்கு இடம் பிடிப்பது தாத்தா பொறுப்பு. நுழைந்ததும் "கடைசி யாரு?" என்றார். கண்ணாடி போட்ட ஓர் அப்பா கையைத் தூக்கினார். சாவிக்காரர் சன்னலோரம் உட்கார்ந்தார். அங்கே இருந்ததெல்லாம் குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள். முழங்கால் மோவாயை இடித்தது. கடையில் பழகியவர் என்பதால் சமாளித்துக் காலை நீட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். தோளில் தூங்கும் குழந்தை. காலில் கட்டட வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ்.

(அவளை எப்படி எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய தடுமாற்றம். முதல் பிரதியில் ஒல்லியாக, சோகக் கண்களோடு வந்தாள். சாவிக்காரரிடம் சரிபார்த்தேன். "சோகமா? வாட்டசாட்டமா இருந்துச்சு சார். வாயில எதையோ மென்னுக்கிட்டே வந்துச்சு," என்றார். அதையே வைத்துக்கொண்டேன்.)

அவள் கிரேன் ஓட்டுபவள். அந்தச் சன்னலில் தெரிகிற மஞ்சள் கிரேனின் உச்சியில் உள்ள கூண்டுதான் அவள் வேலையிடம். கணவன் கீழே வெல்டர். இதுவரை அவனுக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல். குழந்தை கைமாறி வளர்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து இருவருக்கும் பகல். இங்கே இடம் கிடைத்தால் அவள் கூண்டில் ஏறுவாள். கிடைக்காவிட்டால் வேறு யாராவது ஏறிவிடுவார்கள்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்கதவை நோக்கி நடந்தாள். வழியில் சாவிக்காரரின் கால் கிடந்தது. அவர் காலை மடக்கி வழிவிட்டார்.

இந்தக் காலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் சம்பந்தியம்மா வந்தார். சாவிக்காரரின் மருமகளைப் பெற்றவர். தன் சின்ன மகளின் பையனுக்கு இடம் கேட்டு வந்திருந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கடைசி யாரு?" என்றார்.

சாவிக்காரர் கையைத் தூக்கினார். "நான்தான் சம்பந்தி. வாங்க, உக்காருங்க."

பொய்யா? ஊர் வழக்கப்படி பொய்யில்லை. கேட்காதவர் வரிசையில் இல்லை. கதவருகே நின்ற முதுகை அவர் பார்க்காமலிருந்தார், அவ்வளவுதான்.

"பேத்தி ராத்திரி தூங்குறாளா?"

"எங்க சம்பந்தி, வீட்டையே ரெண்டு பண்றா."

"ஆமா, அந்தப் பொண்ணு யாரு, கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது?"

"கட்டடத்து ஆளு போல."

"எங்க போனாலும் இவங்கதான். நம்ம பிள்ளைங்களுக்குத்தான் இடமில்ல."

"அதை ஏன் கேக்குறீங்க," என்றார் சாவிக்காரர். வழக்கமாக இந்தப் பேச்சு அவருக்கு வெல்லம். அன்று என்னவோ தொடர்ந்து பேச வரவில்லை.

5

நாற்காலியிலிருந்து ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். கண்ணாடிக்காரரும் போனார். கதவருகே நின்றவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து போகிறவர்களைப் பார்த்தாள், சம்பந்தியம்மாவைப் பார்த்தாள், சாவிக்காரரைப் பார்த்தாள். மேலேயிருந்து கீழே நடப்பதைக் கவனிப்பதே வேலையாக உள்ளவளுக்கு இது பிடிபட அதிக நேரம் ஆகியிருக்காது.

அப்போது ஹெல்மெட்டும் கையுமாக ஒருவர் உள்ளே வந்தார். "கடைசி யாரு?"

"நான்தான்," என்று சம்பந்தியம்மா கையைத் தூக்கினார்.

"நான்தான்," என்று கதவருகேயிருந்தும் ஒரு கை உயர்ந்தது.

அறையில் சிரிப்புக் கிளம்பியது. இந்த ஊர் சரித்திரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கடைசி இருந்ததில்லை. ஹெல்மெட்காரர் யார் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்தார்.

"ஏம்மா, நீ எங்க கேட்ட? கேட்டாத்தானே வரிசை," என்றார் சம்பந்தியம்மா.

அவள் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக இறங்கியது. "கேக்கணும்னு தெரியாது. இப்பதான் தெரிஞ்சது." பிறகு சாவிக்காரரைக் காட்டினாள். "முதல்னு நான் சொல்லலை. இவருக்கு அப்புறம் நான். இவர் பாத்தார். காலை எடுத்து வழிவிட்டார்."

சாவிக்காரர் தன் காலைப் பார்த்தார். அதற்கென்ன, அது பாட்டுக்குச் செருப்புக்குள் இருந்தது.

காப்பகத்தை நடத்தும் அம்மா கதவைத் திறந்தார். "இன்னும் ரெண்டு இடம்தான் இருக்கு. அடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்று சாவிக்காரர் எழுந்தார்.

"சரி, ஒண்ணு உங்களுக்கு. உங்களுக்கு அடுத்து?"

6

அன்று அவர் சொன்னது இதுவரைதான். இங்கே வந்து நான் நாலு நாளாக நிற்கிறேன். சாவிக்காரரும் பாவம், பாதி எழுந்தபடியே நிற்கிறார்.

முடிவு அ. அவர் சம்பந்தியைக் காட்டுகிறார். குடும்பம் குலையவில்லை, எல்லாம் சுபம். எழுதி முடித்த திருப்தியில் மொட்டை மாடிக்குப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மஞ்சள் கிரேன். இறங்கி வந்துவிட்டேன்.

முடிவு ஆ. "என் இடத்தை அந்தப் பொண்ணுக்குக் குடுங்க, அடுத்ததைச் சம்பந்திக்கு" என்கிறார். என் மனைவி படித்துவிட்டு, "மக வேலையைத் தியாகம் பண்ண இவர் யாரு?" என்று கேட்டாள். அந்தத் தாளையும் மடக்கி வைத்தேன்.

முடிவு இ. சம்பந்தியம்மாவின் பேரன் கைநழுவித் தெருவில் ஓடுகிறான், லாரி வருகிறது, கிரேன்காரி பாய்ந்து—

வேண்டாம். இதை எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவள் ஓர் உயிரைக் காப்பாற்றினால்தான் அவள் பிள்ளைக்கு ஒரு நாற்காலி என்றால், யாரையும் காப்பாற்றாமல் சும்மா வேலைக்குப் போய்வருகிறவர்கள் எங்கே போவார்கள்? அவள் நல்லவளாக இருந்தாக வேண்டியதில்லை. சோகமாக இருக்கவேண்டியதும் இல்லை. அவருக்கு அப்புறம் வந்தாள். அது போதும்.

சம்பந்தியம்மாவையும் வில்லியாக்க எனக்கு மனமில்லை. அவரும் மகள் வேலைக்குப் போகவேண்டுமே என்று காலையில் எழுந்து ஓடிவந்தவர்தான்.

7

கடைசியில், கதைக்கு ஆள் அவர்தானே என்று, இன்னொரு சாவி வெட்டும் சாக்கில் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு என்னதான் சொன்னீங்க?"

"அதை விடுங்க சார். அந்தப் பொண்ணு போன வாரம் கடைக்கு வந்துச்சு. வீட்டுக்கு இன்னொரு சாவி வேணுமாம். ஏற்கெனவே ரெண்டு பேர் நின்னாங்க. வந்ததும் வராததுமா என்ன கேட்டுச்சு தெரியுமா?"

"கடைசி யாருன்னா?"

"ஊருக்கே கேக்குற மாதிரி. நான்கூட அவ்வளவு சத்தமா கேட்டதில்ல." பிறகு வழக்கம்போல, "ஊர் நிறைஞ்சு போச்சு சார், இவங்களால தெருவுல நடக்க முடியல" என்று ஆரம்பித்தார். நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

"சம்பந்தி வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அவர் மெஷினை நிறுத்தினார். "சௌக்கியம்தான். ரெண்டு மாசத்துல ஒரு இடம் காலியாச்சு, அவங்க பேரனையும் சேத்தாச்சு. ரெண்டு பிள்ளைங்களும் அந்தப் பொண்ணோட பிள்ளையும் ஒரே பாயிலதான் தூங்குதுங்க. ஆனா ஒண்ணு சார்."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அன்னைக்கிலேருந்து அந்த வீட்டுல எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காபி."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எங்க சொன்னாரு." அவர் சிரித்துக்கொண்டே என் சாவியைத் துடைத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று தேடினேன். கசப்புக் காபிக்குப் பழகிக்கொண்ட மனிதரின் நிம்மதிதான் இருந்தது.

அவர் யாரைக் காட்டினார் என்று நான் எழுதப்போவதில்லை, நீங்களும் கேட்கப்போவதில்லை. மிச்சமிருக்கும் முடிவு ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரர் மறுபடி சம்பந்தி வீட்டுக்குப் போகிறார். கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டியிருக்கிறார். அடுக்களையில் சம்பந்தியம்மா காபி கலக்கிறார். சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, மூடிகூடத் திறந்திருக்கிறது. என்னால் கதையை அதுவரைதான் கொண்டுவர முடிந்தது. கரண்டியை நீங்கள் எடுங்கள்.