சிங்கம் கொண்டுபோன குரல்

பூமா என்னும் மலைச்சிங்கத்தை வேட்டைக்கு அழைக்கப் போகிறவர்கள் முதுகோடு முதுகு சாய்த்துத்தான் உட்கார வேண்டும். அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் ஓசையும் காதில் விழாது. அரிசோனாவின் கருங்கல் குன்றுகளில் முப்பத்தோரு குளிர்காலங்கள் ஆர்லிஸ் டட்டில் தம் மனைவி வெல்டாவின் முதுகில் சாய்ந்து அப்படி உட்கார்ந்திருந்தார். ஊதுவது அவள் வேலை. பார்ப்பதும் சுடுவதும் அவர் வேலை.

கையடக்கமான மர ஊதலுக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அதை உதட்டில் வைத்து, முள்வேலியில் சிக்கிக்கொண்ட மான்குட்டி அலறுவது போல வெல்டா ஊதுவாள். நரிக்கு இருபது நிமிடம் ஊதினால் போதும். சிங்கம் அப்படியல்ல. ஐம்பது அடி நகரும், படுக்கும், யோசிக்கும், மறுபடி நகரும். குரல் நீண்ட நேரம் நின்றுவிட்டால் அதற்கு அக்கறையும் போய்விடும். ஆகவே ஒரு மணி நேரமாவது விடாமல் ஊத வேண்டும். அத்தனை மூச்சு அந்த வட்டாரத்தில் வெல்டா ஒருத்திக்குத்தான் இருந்தது.

அந்த மூச்சுதான் முதலில் போயிற்று. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று மருத்துவர்கள் சொன்ன இலையுதிர்காலத்தில், வெல்டா தன் கணவரைக் குன்றுக்கு அழைத்துப்போய், வழக்கமான பாறையடியில் உட்கார்ந்து, ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஊதினாள். அந்தப் பதிவு விரல்நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் ஏறி, வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஒலிப்பெட்டிக்குள் போயிற்று. மார்ச் மாதம் அவள் இறந்தாள்.

அதன்பின் மூன்று குளிர்காலங்களாக ஆர்லிஸ் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போய்வந்தார். ஒரு சிங்கத்தையும் அவர் சுடவில்லை. சுடும் எண்ணத்தோடு போனாரா என்பதும் ஐயமே. கார்டுக்குப் பிரதி எடுத்துவைக்கும்படி ட்யூசன் நகரில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் நச்சரித்தாள். யாராவது தவறான பொத்தானை அழுத்தி அழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் அதை எவர் கையிலும் கொடுக்கவில்லை. உலகத்தில் அந்தப் பதிவு அது ஒன்றுதான்.

சனவரியில் ஒரு காலை, வெல்டாவின் தம்பி கார்வின் நெவாடாவிலிருந்து வந்து வாசலில் நின்றார். தகப்பனார் இறந்தபோது அவருடைய வேட்டைநாய்கள் ஒன்பதையும் அக்காளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அயலாருக்குக் கொடுத்துவிட்டவர் அவர். அன்றிலிருந்து ஆறாண்டுகள் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அவள் அடக்கத்துக்கும் அவர் வரவில்லை.

"உள்ள வா மச்சான். எளச்சுப் போயிட்டியே. நெவாடால சோறு போடறதில்லையா?" என்றார் ஆர்லிஸ்.

"நீ மட்டும் என்ன, காக்காவுக்கே பயந்து ஓடற சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்க." கார்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வராமலே நின்றார். "அக்கா குரல் ஒரு பெட்டில இருக்குன்னு உன் பொண்ணு சொன்னா. ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடறேன்."

"அது பேச்சு இல்லப்பா. ஊதறதுதான்."

"அதத்தான் கேக்கணும்."

ஆர்லிஸ் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். "சமையக்கட்டுல வெச்சுக் கேக்கறதுக்கு அது என்ன ரேடியோவா? நாளைக்குக் காலைல வா. அவ உக்காந்த எடத்துல உக்காந்து கேளு."

மறுநாள் காலை, முந்தின இரவு தூவிய பனி குன்றுகளின் நிழற்பக்கத்தில் மெல்லிய போர்வையாகக் கிடந்தது. இருவரும் அரை மைல் தள்ளி வண்டியை நிறுத்தி, கதவை ஓசைப்படாமல் அழுத்தி மூடிவிட்டு நடந்தார்கள். பாறையடியிலிருந்து நாற்பதடி எண்ணி, ஒரு ஜூனிப்பர் புதருக்கு முன்னால் ஆர்லிஸ் பெட்டியை வைத்தார். அதற்கு மேலிருந்த கிளையில் ஒரு நூலைக் கட்டி வான்கோழி இறகு ஒன்றைத் தொங்கவிட்டார். காற்றில் சுழலும் இறகைப் பார்த்தால் பூனை இனத்து எந்த விலங்கின் கண்ணும் அதைவிட்டு அகலாது. உட்கார்ந்திருக்கும் மனிதரை அது கவனிக்காது.

பெட்டியைப் பார்த்து உட்காருபவர் துப்பாக்கிக்காரர். முதுகுப்புறம் இருப்பவர் காவல். ஆர்லிஸ் அன்று வழக்கத்தை மாற்றினார்.

"நீ பெட்டிப் பக்கமா உக்காரு. அப்பத்தான் நல்லாக் கேக்கும்."

"அப்போ சுடறது நானா? எங்கண்ணு பழைய கண்ணு இல்ல மச்சான்."

"எதாவது தெரிஞ்சா முழங்கையால ஒரு இடி இடி. மத்தத நான் பாத்துக்கறேன். குட்டி கூட வருதான்னு பாக்காம விசையத் தொடாத, தாயச் சுடக் கூடாது."

"எனக்கே பாடம் எடுக்கறியா? உனக்கு மொத மொத சிங்கத்தக் காட்டினதே நான்தான்."

"ஆமா. அதுக்கு மொதல்ல என் பூட்ஸுல வாந்தி எடுத்ததும் நீதான். வாய மூடு."

இருவரும் சாய்ந்துகொண்டார்கள். ஆர்லிஸின் முதுகுக்குப் பின்னால் மூன்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு முதுகு இருந்தது. அவர் ரிமோட்டை அழுத்தினார்.

குன்றின் மடியில் மான்குட்டி அலறத் தொடங்கியது. முதலில் உயர்ந்து, பின் உடைந்து, பின் மூச்சுக்கு ஏங்கித் தணிந்து, மறுபடி உயர்ந்தது. ஒவ்வோர் அலறலுக்கும் நடுவே வெல்டா மூச்சை இழுக்கும் சிறு ஓசையும் கேட்டது. ஆர்லிஸ் கேட்பதெல்லாம் அதைத்தான். அலறல் சிங்கத்துக்கு, அந்த இடைவெளி அவருக்கு.

இருபது நிமிடங்கள் கடந்தன. இருபத்தைந்தும் ஆயிற்று. அந்த இடத்தில் வெல்டாவுக்கு மூச்சு முட்டி, ஊதலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, தனக்குத்தானே பேசுவது போல ஏதோ சொன்னதும் பதிவாகியிருந்தது. ஆர்லிஸ் வேண்டுமென்றே அதைக் கார்வினிடம் சொல்லவில்லை.

"கார்வின் பய இருந்திருந்தா," என்றது வெல்டாவின் தாழ்ந்த குரல், "இந்நேரம் என் தோள்ல தூங்கி எச்சி ஒழுக்கியிருப்பான்." ஒரு சின்னச் சிரிப்பு, அது இருமலாயிற்று. "யாராவது அவனப் போயிக் கூட்டிட்டு வாங்களேன்."

பிறகு மறுபடி மான்குட்டி அலறியது.

ஆர்லிஸ் தம் முதுகில் ஓர் அசைவுக்காகக் காத்திருந்தார். மச்சானின் உடம்பு இறுகிக் கல்லாயிற்றே தவிர அசையவில்லை. முழங்கை இடியும் வரவில்லை.

அடுத்த அலறலின் நடுவே ஏதோ உரசும் ஓசை கேட்டது. ஆர்லிஸ் திரும்பியபோது இறகு அறுந்து பனியில் கிடந்தது. புதருக்கு முன்னால் ஒரு சிங்கம் நின்றது. ஒலிப்பெட்டி அதன் வாயில் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து வெல்டா ஊதிக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி தானாகவே அவர் தோளுக்கு ஏறியது. சிங்கம் பக்கவாட்டில்தான் நின்றது. ஒரு குழந்தைகூடச் சுட்டுவிடலாம். ஆனால் தோட்டா போக வேண்டிய இடத்துக்குக் குறுக்கே பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார். சிங்கம் ஒருமுறை அவரைப் பார்த்தது. பிறகு பாறைகளுக்கிடையே மேலேறி ஓடியது. அலறல் அதோடு சேர்ந்து ஏறியது.

"நிறுத்து மச்சான், பெட்டிய நிறுத்து. சத்தம் போயிட்டா கீழ போட்டுடும்" என்றார் கார்வின்.

"சத்தம் போயிட்டா எங்க போச்சுன்னு எப்படித் தெரியும்?" ரிமோட்டின் மேல் ஆர்லிஸின் கட்டைவிரல் இருந்தது. அவர் அழுத்தவில்லை. தாமே தம் கையால் அவளை நிறுத்த அவரால் முடியவில்லை.

மேட்டுக்கு அப்பால் மான்குட்டி மெலிந்து அழுதது. இரண்டு முறை கேட்டது. மூன்றாவது பாதியில் நின்றது.

மேலே ஏற அவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வழியில் கார்வின் கேட்காமலே சொன்னார்: "நான் பாத்தேன் மச்சான். பின்னால குட்டி வருதோன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதான் இடிக்கல."

ஆர்லிஸ் முன்னால் ஏறினார். பனி கிடந்த ஒரு சரிவில் தடம் தெளிவாக விழுந்திருந்தது. அவர் குனிந்து கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். பெண்சிங்கத்தின் தடம் அவ்வளவு அகலம் இராது. அது தனியாகத் திரியும் ஆண்சிங்கம், கடுவன். அதன் பின்னால் எந்தக் குட்டியும் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. நாற்பதடி தூரத்தில் நிற்கும் கடுவனின் தலையைப் பார்த்து அடையாளம் தெரியாத ஆள் கார்வின் அல்ல. கார்வினும் அந்தத் தடத்தைப் பார்த்தார். இருவரும் மேலே ஏறினார்கள்.

ஓக் மரத்தடியில் ஒரு குவியல் இருந்தது. தான் பிடித்த இரையைச் சிங்கம் சருகையும் மண்ணையும் வாரி மூடிவைக்கும்; பசித்தபோது வந்து தோண்டித் தின்னும். முழங்கால் உயரத்துக்குச் சருகு, ஊசியிலைகள், பனி கலந்த ஈர மண். சுற்றிலும் நகத்தால் கீறிய கோடுகள். அவ்வளவு அக்கறையோடு மூடியிருந்தது.

ஆர்லிஸ் மண்டியிட்டுத் தோண்டினார். ஒலிப்பெட்டி கையில் வந்தது. ஒரு கோரைப்பல் மேலிருந்து கீழாக அதைத் துளைத்திருந்தது. பக்கவாட்டு மூடியைப் பிரித்து மெமரி கார்டை எடுத்தார். அது இரண்டு துண்டுகளாக வந்தது. அவற்றை உள்ளங்கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். விளிம்புகள் சரியாகப் பொருந்தின. மறுபடி பிரித்தார். மறுபடி சேர்த்தார்.

"குட்டி வருதான்னு நான் பாக்கல மச்சான்," என்றார் கார்வின். அவர் நின்றுகொண்டே பேசினார். "அவ என் பேர் சொன்னா. அப்பவே அது புதர் ஓரத்துல உக்காந்திருந்துச்சு. நல்லாத் தெரிஞ்சுது. கைய அசைச்சாப் போதும். அசைச்சா அவ பேச்சு நின்னுடுமோன்னு... அப்பறம் கண்ணு மறைச்சிருச்சு."

ஆர்லிஸ் துண்டுகளைக் கைக்குள் மூடிக்கொண்டார். சினம் வந்தது, வந்து எங்கே போவது என்று தெரியாமல் அவருக்குள்ளேயே நின்றது. பெட்டிப் பக்கம் மச்சானை உட்கார வைத்தவர் அவரே. அந்த இருபத்தைந்தாவது நிமிடத்தை முன்கூட்டிச் சொல்லாமல் ஒளித்துவைத்தவரும் அவரே. மானின் அழுகையால் எத்தனையோ விலங்குகளை அவர் அசையாமல் நிற்க வைத்திருக்கிறார். அன்று அதே இடத்தில் ஒரு மனிதன் நின்றுவிட்டான்.

"ஏன் அடக்கத்துக்கு வரல?" என்று கேட்டார்.

"மூஞ்சியத் திருப்பிக்குவாளோன்னு பயமா இருந்துச்சு."

"செத்தவ எப்பிடிடா திருப்புவா?"

"தெரியல. பயமா இருந்துச்சு."

ஆர்லிஸ் துண்டுகளைப் பெட்டியின் துளைக்குள் போட்டார். பெட்டியைக் குழியில் வைத்து, சருகை இரு கைகளாலும் இழுத்து மூடத் தொடங்கினார். கார்வின் மறுபக்கம் மண்டியிட்டு மண்ணைத் தள்ளினார். சிங்கம் குவித்திருந்த உயரம் வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

"நாளைக்கு அது திரும்பி வரும். இங்கயே ஒளிஞ்சு உக்காந்தா சுட்டுடலாம்" என்றார் கார்வின். வேட்டைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"வந்து தோண்டிப் பாத்துட்டுப் போகட்டும். அதுக்கும் ஒண்ணும் கெடைக்கப் போறதில்ல."

இறங்கும்போது பனி உருகி வழுக்கியது. ஒரு சரிவில் கார்வின் கையை நீட்டினார். ஆர்லிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். வண்டியை அடைந்து, கதவைத் திறந்து, துப்பாக்கிகளிலிருந்து தோட்டாக்களை எடுத்து இருக்கையில் வைத்தார்கள்.

"இன்னொரு நாள் வரலாமா மச்சான்?" என்று கேட்டார் கார்வின். "நான் கொஞ்ச நாளைக்கு இங்கதான் இருப்பேன்."

ஆர்லிஸ் வண்டியின் விளிம்பில் கைகளை ஊன்றி, தாம் இறங்கிவந்த குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரலாம்," என்றார். "வந்து, எத வெச்சுடா கூப்பிடறது?"